சுக்ரலோஸ் கலந்த காபி கெடுதலா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66, எடை 60 கிலோ. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். தினமும் மூன்று வேளை காபியில் சுக்ரலோஸ் பொட்டலம் ஒன்றைக் கலந்து குடிக்கிறார். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டும் சாப்பிடுகிறார். இதனால் கெடுதல் வருமா? கேக் செய்யவும் இதைச் சேர்க்கலாமா?

பதில்: மூன்று வேளைக் காபியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். சர்க்கரையின் மூலக்கூறில் மூன்று இடங்களில் குளோரினைப் பொருத்தித்தான் சுக்ரலோஸைத் தயாரிக்கிறார்கள். இனிப்பு ஏறக்குறைய 600 மடங்கு கூடிவிடுகிறது. உடலோ அதிலிருந்து சக்தி எடுப்பதில்லை. பெரும்பகுதி அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அப்பாவின் எடைக்கு அது 300 மில்லிகிராம். ஒரு பொட்டலத்தில் வழக்கமாக 12 மில்லிகிராம் அளவுதான் சுக்ரலோஸ் இருக்கும். மீதி, டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்புப் பொடி. மூன்று பொட்டலத்தில் அதுவும் சொற்பமே.

எனக்குக் கவலையெல்லாம் அந்த பிஸ்கட்டைப் பற்றித்தான். என்னிடம் வருபவர்கள் பலர் உறையின் முன்பக்கத்தைக் காட்டி, "இதில் சர்க்கரையே இல்லை, டாக்டர்" என்பார்கள். நான் உறையைத் திருப்பி, 'மொத்த கார்போஹைட்ரேட்' என்ற வரியில் விரல் வைத்துக் காட்டுவேன். மைதா வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸாகத்தான் மாறும். அப்பாவுக்கும் அந்த வரியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

கேக்கில் வேண்டாம். சுக்ரலோஸை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல் எச்சரித்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கலப்பதே நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போடுபவருக்குத் திடீரென்று ரத்தச் சர்க்கரை இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். பதற்றத்தில் வீட்டிலிருப்பவர்கள் கைக்குக் கிடைத்த 'டயட்' பானத்தையோ சுக்ரலோஸ் கலந்த காபியையோ கொடுத்துவிட்டால் சர்க்கரை ஏறவே ஏறாது. அந்த நேரத்தில் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் நிஜச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, ஏறவில்லையென்றால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.