மஞ்சக்காட்டை விற்று டாக்டர் சீட் வேண்டாம்

அண்ணா,

போன சனிக்கிழமை கோபியிலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, "கவலைப்படாதீங்க, வழி இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. உங்கள் மகளின் நீட் மார்க் அரசு சீட்டுக்குப் பத்தவில்லை, இரண்டு ஏக்கரை விற்றாவது சேர்த்துவிடலாம் என்கிறார் உங்கள் மச்சான். விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். முடிப்பதற்குள் ஒரு கோடி தாண்டும், அப்புறம் எம்.டி. வேறு. தம்பியின் படிப்புக்கும் அந்தக் காடுதானே இருக்கிறது?

நீங்கள் போன் பேச வெளியே போனபோது பாப்பா நோட்டைத் திறந்து காட்டினாள். பென்சிலில் ஒரு நரம்பு. மேலுறை அங்கங்கே பிய்ந்திருந்தது. "மோட்டார் ஒயரை எலி கடிச்ச மாதிரிங்க சார். ஆனா எலி வெளியிலிருந்து வரல" என்றாள். உங்கள் தங்கைக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். உடம்பைக் காக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களே மூளைக்குள் நுழைந்து நரம்பின் மயலின் உறையைத் தாக்குகிற நோய் அது. ரொம்ப காலம் டி செல்லைத்தான் முதல் காரணமாகப் பார்த்தார்கள். ஆனால் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு மூளையில் புதுப் புண்கள் வெகுவாகக் குறைந்ததை 2008-ல் வந்த ஆய்வு காட்டியது. அதே வழியில் வந்த ஒக்ரலிசுமாப் 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அத்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுவது அதைத்தானாம்.

"ஆன்டிபாடி பெருசா குறையாமலே எப்படி குணம் தெரியுது?" என்று கேட்டாள். ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்கும் புரதம். பி செல்லிலிருந்து உருவாகும் பிளாஸ்மா செல்கள்தான் அதைச் சுரக்கும், அவற்றை அந்த மருந்து தொடுவதில்லை. டி செல்லை உசுப்பிவிடுகிற பி செல்லின் வேலை நின்றுபோவதுதான் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை தானாகவே அந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறாள், அண்ணா!

இன்ஜினியரிங், நர்சிங் பற்றியெல்லாம் ஊரே சொல்லும். நான் சொல்வது இம்யூனாலஜி, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்பு பற்றிய படிப்பு. கோவையில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கட்டும். அப்புறம் காட்-பி என்ற பயோடெக்னாலஜி நுழைவுத் தேர்வு எழுதினால் புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படிக்கலாம். அதன் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால், பி.எச்டி. படிக்கும்போது முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். டெல்லியில் தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனம், பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகம் (ஐ.ஐ.எஸ்சி.) என்று ஆய்வுக்கு நல்ல இடங்கள் உண்டு.

எம்.எஸ்சி.யிலேயே ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற செல் எண்ணும் முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒளிரும் அடையாளம் ஒட்டிய ரத்த செல்கள் லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடும். இது டி செல், இது பி செல் என்று நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிவிடும் மெஷின். ரத்தப் புற்றுநோயைக் கண்டறிய பெரிய ஆஸ்பத்திரி லேப்களிலும் இதுவேதான். அதனால் ஆய்வுக்குப் போகாவிட்டாலும் இந்தக் கைவேலை வீணாகாது.

பி.எச்டி.க்கு ஐந்தாறு வருஷம் ஆகும், மறைக்கவில்லை. அதற்குள் கல்யாணப் பேச்சை எடுத்து அவளை அவசரப்படுத்தாதீர்கள்.

பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். வரும் சனிக்கிழமை மச்சானையும் கூட்டி வாருங்கள், நானே பேசுகிறேன். பாப்பா அந்த நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு வரட்டும்.