வெளியுறவுச் சட்டமூலத்தில் காலநிலைச் சொற்களை ஏன் வரையறுக்க வேண்டும்?

காலநிலை தொடர்பான வெளியுறவுச் சட்டமூலமொன்றில் சொற்களுக்குத் தனியே பொருள்கோடல் எதற்கு என்றும், திருகோணமலை போன்ற கரையோர மாவட்டத்துக்கு அதனால் என்ன பயன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சிக்கல் ‘காலநிலை மாற்றம்’ என்பதிலேயே தொடங்குகிறது. 1992ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்றச் சமவாயம், மனிதச் செயற்பாடுகள் நேரடியாகவோ மறைமுகமாகவோ வளிமண்டலத்தின் சேர்க்கையை மாற்றுவதால், இயற்கையான ஏற்ற இறக்கங்களுக்கு மேலதிகமாக நிகழும் மாற்றத்தை மட்டுமே அவ்வாறு குறிக்கிறது. காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐக்கிய நாடுகள் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளோ இயற்கைக் காரணங்களையும் உள்ளடக்குகின்றன. 2004ஆம் ஆண்டுச் சுனாமி நிலநடுக்கத்தால் வந்ததால் இரண்டிலும் அடங்காது. ஆனால் 2020 டிசம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த புரெவிப் புயல் போன்றவற்றின் சேதத்துக்கு வெளிநாட்டு நிதி கோரும்போது, சட்டத்தில் எந்த வரையறை இருக்கிறது என்பது வாதத்தின் போக்கையே மாற்றிவிடும்.

காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளால் நேரும் இழப்புகளைக் குறிக்கும் ‘இழப்பும் சேதமும்’ என்ற சொற்றொடர் இன்னும் நுட்பமானது. பாரிஸ் உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரை இதை ஏற்றாலும், உடன்படிக்கையை நிறைவேற்றிய 2015ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் 51ஆம் பந்தி, அவ்வுறுப்புரை பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என்று கூறுகிறது (பணக்கார நாடுகள் வற்புறுத்திப் பெற்ற வாசகம் அது). ஆகவே இதனை ‘நட்டஈடு’ என்று வரையும் சட்டமூலம் பேச்சுவார்த்தையில் எளிதில் மறுக்கப்படும்.

புவியைச் சூடாக்கும் பச்சைவீட்டு வாயுக்களை வரையறுக்க, அவற்றின் பெயர்ப் பட்டியலே போதும். ‘காலநிலை அகதி’ என்பதைத் தவிர்ப்பதே நல்லது: 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயம் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு உரியது; கடலரிப்பால் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலிருந்து உள்நாட்டிலேயே வேறிடம் செல்லும் மீனவக் குடும்பம் அதில் அடங்காது. அவர்களுக்கு ‘இடம்பெயர்ந்தோர்’ என்பதே பொருந்தும்.