தாத்தா வீட்டு மொசைக்கை உடைக்காதீர்கள்

கேள்வி: கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் டெக்ஸ்டைல் டிசைனராக இருக்கிறேன். ஈரோட்டில் தாத்தா 1960களில் கட்டிய வீட்டுக்குக் குடிபோகிறோம். அதை 'மிட் சென்சுரி மாடர்ன்' பாணிக்கு மாற்ற ஆசை. மொசைக் தரை, தேக்கு பிரம்பு நாற்காலிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம் என்கிறார் இன்டீரியர்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் தேடும் பாணி இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1960கள் வரை செழித்தது. உங்கள் வீடும் அந்தக் காலத்ததுதான். சண்டிகர் நகருக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜானரே வடிவமைத்த நாற்காலிகள் தேக்கும் பிரம்பும்தான். இன்று அவை வெளிநாட்டு ஏலங்களில் பெரிய விலைக்குப் போகின்றன!

நாற்காலிகளில் கறுத்துப்போன வார்னிஷைச் சுரண்டி எடுத்து, மெழுகு பாலிஷ் போடுங்கள். அறுந்த இடத்தில் பிரம்பையே பின்னச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் ஒயர் சுலபம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். மொசைக்குக்கு மெஷின் பாலிஷ் போதும். ஃபால்ஸ் சீலிங் பேச்சே வேண்டாம். ஈரோட்டு வெயிலுக்குக் கூரை உயரமாக இருப்பதே நல்லது.

மிச்சமாகும் பணத்தைத் துணியில் போடுங்கள். அந்தப் பாணியின் எளிமையான மரச்சாமான்களுக்கு உயிர் கொடுத்ததில் துணிக்குப் பெரிய பங்கு உண்டு. 1952 முதல் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க மரச்சாமான் நிறுவனத்தின் துணிப்பிரிவைப் பார்த்துக்கொண்ட அலெக்சாண்டர் ஜிரார்ட் அழுத்தமான வண்ணங்களையும் பட்டைகளையும் துணிந்து கையாண்டவர். நமக்கோ பவானி ஜமக்காளம் பக்கத்திலேயே இருக்கிறது. அகலப் பட்டை போட்ட ஒன்றை ஹாலில் விரித்துவிட்டு, மெத்தை உறை, திரை எல்லாம் ப்ளெயினாக வையுங்கள். உங்கள் தொழிலில் அழகழகான சாம்பிள்கள் வீட்டில் குவிந்திருக்கும். அத்தனையையும் ஒரே அறையில் காட்டினால் எதுவும் கண்ணில் நிற்காது.

திரைக்குச் சென்னிமலைக் கைத்தறி எனக்குப் பிடிக்கும். தைக்கும் முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்தால்தான் மடிப்பு அழகாக விழும். மேற்கு ஜன்னலுக்கு மட்டும் வேட் சாயம் (vat dye, சுலபத்தில் வெளுக்காத சாயம்) போட்ட நூல்தானா என்று கேட்டு வாங்கி, பின்னால் லைனிங் கொடுங்கள். இல்லாவிட்டால் சாயங்கால வெயில் நிறத்தைத் தின்றுவிடும்.

அப்புறம், ஆபீஸில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸில் ஓகே ஆன ஷேடை அப்படியே நம்பிவிடாதீர்கள். முதலில் ஒரு மீட்டர் மட்டும் வாங்கி அந்த ஜன்னலிலேயே தொங்கவிடுங்கள். காலையில், நாலு மணி வெயிலில், ராத்திரி வீட்டு பல்பில் என மூன்று வேளையும் பார்த்துவிட்டு மொத்தத் துணிக்கு ஆர்டர் கொடுங்கள்.