சீன மாணவருக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி: உத்தரவாத வகுப்பு வேண்டாம், உங்கள் சாப்பாட்டு மேசை போதும்

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஓர் அறையில், சீனாவின் ஹுனான் மாநிலத்திலிருந்து படிக்க வந்த 19 வயது மாணவர் எட்டு மாதங்களாக வாடகைக்கு இருக்கிறார். பட்டயப் படிப்பில் சேர ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 6 வேண்டும், எந்தப் பிரிவிலும் 5.5க்குக் குறையக்கூடாது என்கிறார்கள். வாசிப்பில் 6.5 வாங்கியவர், பேச்சில் 4.5தான் வாங்கினார். வீட்டில் ஆங்கிலத்தில் பேசினால் 'யெஸ்', 'ஓகே' என்பதோடு சரி. சாப்பிடவில்லையா என்று கேட்டால்கூட 'யெஸ்' என்கிறார். 3,800 வெள்ளி கட்டினால் ஆறு வாரத்தில் 6.5க்கு உத்தரவாதம் என்று ஒரு முகவர் சொல்கிறாராம். கட்டலாமா என்று ஊரிலிருக்கும் அவருடைய அம்மா வீசாட் என்ற செய்திச் செயலியில் மொழிபெயர்த்து என்னைக் கேட்கிறார். எனக்குச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது. என் ஆங்கிலமும் கோப்பிக்கடை ஆங்கிலம்தான். நான் ஏதாவது உதவ முடியுமா? – ஈசூன் வாசகி

பதில்: பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். கட்ட வேண்டாம் என்று அந்தத் தாய்க்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

அந்தப் பிள்ளை 'யெஸ்' என்று சொன்னது, அவருடைய மொழி வழக்கப்படி சரியான பதில். நம் வீட்டில் "சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமாம், சாப்பிடலை" என்போம், கேட்டவர் நினைத்தது உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிற ஆமாம் அது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினிலும் இதே வழக்கம்தான். ஆங்கிலத்தில் மட்டும், சாப்பிடவில்லை என்றால் 'நோ' என்று தொடங்க வேண்டும். ஆகவே இத்தனை நாளும் அவர் சாப்பிடவில்லை என்று சொன்னதையே நீங்கள் சாப்பிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். இனிமேல் 'சாப்பிட்டாயா' என்று நேராகக் கேளுங்கள். 'சாப்பிட்டாச்சா' என்பதையே நலம் விசாரிக்கும் சொல்லாக வைத்திருப்பது நம்மைப் போலவே சீனர்களுக்கும் பழைய வழக்கம் என்பதால், பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல கேள்வி உங்களுக்குக் கிடைக்காது.

வாசிப்பில் 6.5 வாங்கியவர் பேச்சில் 4.5 வாங்கியது அவருடைய சோம்பலால் வந்ததன்று. சீனாவில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடம். பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் காவ்காவ் தேர்வின் மொத்த மதிப்பெண் 750இல் 150 ஆங்கிலத்துக்கு. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அந்த 150இல் வாயைத் திறந்து பேசுவதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பத்தாண்டு காலம் ஒரு மொழியைப் படிக்க வைத்து, அதில் ஒரு வாக்கியம் பேசச் சொல்லிக் கேட்காமலே மதிப்பெண் போட்டு அனுப்பும் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது? சீனர்களே இதற்கு 'யாபா யிங்யூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊமை ஆங்கிலம் என்று பொருள்.

இந்த ஊமைத்தனத்தின் மேல்தான் முகவர்களின் வியாபாரம் நிற்கிறது. 'பாவ்ஃபென் பான்' என்பார்கள், மதிப்பெண் உத்தரவாத வகுப்பு. உத்தரவாதம் என்ற சொல்லை நம்பிக் கட்டும் பெற்றோர், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிப்பதில்லை. ஒரு வகுப்புகூடத் தவறியிருக்கக்கூடாது, எல்லா வீட்டுப்பாடமும் முடித்திருக்க வேண்டும், அப்படியும் மதிப்பெண் வராவிட்டால் அதே வகுப்பில் மறுபடி இலவசமாக உட்காரலாம் என்றிருக்கும். பணம் திரும்பும் என்று பெரும்பாலும் இருக்காது. சேர்த்துவிட்ட முகவருக்குக் கல்வி நிலையம் தனியாகத் தரகு கொடுப்பதும் இந்தத் தொழிலில் சாதாரணம். அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பதை அந்தத் தாய் புரிந்துகொள்ள வேண்டும்.

வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். 'ஜிஜிங்' என்றொரு கேள்வித் தொகுப்பு சுற்றில் இருக்கும். தேர்வு எழுதி வந்தவர்களின் நினைவிலிருந்து திரட்டிய பேச்சுக் கேள்விகளும், அவற்றுக்கு யாரோ எழுதிவைத்த பதில்களும் அதில் இருக்கும். மாணவர் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும், அதுதான் பயிற்சி. நான் முன்பு வேலை பார்த்த ஒரு துணைப்பாட நிலையத்தில், 'மறக்க முடியாத பயணம்' என்ற தலைப்புக்கு ஒரே பதிலை முப்பது பிள்ளைகளுக்கும் பாடம் பண்ணச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே மலையில் ஏறி, ஒரே மழையில் நனைந்து, ஒரே பாட்டியிடம் தேநீர் வாங்கிக் குடித்தார்கள். நான் அங்கே நீடிக்கவில்லை. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை ஒரு தேர்வாளர் மாணவரோடு உரையாடும் தேர்வு. அவர் நாள் முழுவதும் இதையே கேட்பவர், ஒப்பிக்கும் குரலை உடனே அடையாளம் கண்டுகொள்வார். குறுக்கே வேறொரு கேள்வி கேட்டால் பாட்டியும் தேநீரும் காணாமல் போய்விடும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு 4.5 வந்ததற்கு இப்படியொரு ஒப்பிப்புக் காரணமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பதிவு செய்து தருகிறேன் என்று கடப்பிதழையோ, தேர்வுக் கணக்கின் கடவுச்சொல்லையோ கேட்கும் எவரிடமும் அவற்றைக் கொடுக்க வேண்டாம். வேறு ஆளை எழுத வைக்கலாம் என்று ஜாடையாகப் பேசினால்கூட அந்த உறவை அத்தோடு முறித்துவிட வேண்டும். மாட்டினால் பிள்ளையின் மாணவர் அனுமதி அட்டையே போய்விடலாம். அவர் சேரப்போகும் தனியார் கல்வி நிலையம் எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் பெற்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத நிலையம் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கவே முடியாது.

இனி வாசிப்பு. 6.5 என்பதால் அதில் கவலையில்லை என்று நினைத்திருப்பீர்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் இருப்பதை எழுதும் திறமைக்கும் மதிப்பெண் கிடைக்கும். வாக்கியத்தை வாக்கியமாகப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. இங்கேயும் அவருடைய சிக்கல் உங்களுக்கு எளிதில் விளங்கும். 'நேற்று வந்த ஆள்' என்கிறோம். சீனத்தில் 'ட்சுவோதியென் லாய் த ரென்': நேற்று, வா, நம் 'வந்த' என்பதிலுள்ள 'அ' விகுதிபோல ஓர் ஒட்டு, பிறகு ஆள். சொல்லுக்குச் சொல் நம் வரிசை. அடைமொழி எவ்வளவு நீண்டாலும் இரண்டு மொழியிலும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். ஆங்கிலமோ ஆளை முதலில் சொல்லிவிட்டு, அவர் நேற்று வந்தவர் என்பதைப் பின்னால் தொங்கவிடுகிறது: 'தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே'. வாக்கியம் நீளும்போது இந்த வால் எங்கே முடிகிறது, முதன்மை வினை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சீன மாணவர் வழி தவறுகிறார். உடனே கைப்பேசி அகராதியை எடுக்கிறார். சொல் தெரியாததால் வந்த தடுமாற்றமாக இருந்தால் அகராதி உதவும், இதற்கு உதவாது.

ஆகவே அவருக்குக் கடினமான புத்தகம் வேண்டாம். பொது நூலகத்தில் மொழி கற்பவர்களுக்காகச் சுருக்கி எழுதிய கதைப் புத்தகங்கள் இருக்கும். 400 சொல், 700 சொல், 1,000 சொல் என்று படிப்படியாகத் தரம் பிரித்திருப்பார்கள். ஒரு பக்கத்தைப் புரட்டி, நூறு சொல்லில் இரண்டுக்கு மேல் தெரியவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்கச் சொல்லுங்கள். பள்ளியில் அவர் செய்ததெல்லாம் 'ஜிங்தூ', ஒரே பக்கத்தை ஒரு வாரம் பிய்த்துப் படிப்பது. இப்போது தேவைப்படுவது 'ஃபான்தூ', தங்கு தடையின்றி நிறையப் படிப்பது. சிறுபிள்ளைப் புத்தகம் என்று அவர் கூச்சப்படுவார். நீங்களும் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

படித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாசிப்பும் பேச்சும் சேருமிடம் இதுதான். கதைதான் வேண்டுமென்றில்லை. கீழ்த்தளத்தில் மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நகர மன்ற அறிவிப்பைப் படித்துவிட்டு வந்து, தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு நிற்கும், எதற்காக நிற்கும் என்று அவர் சொல்லட்டும். நீங்கள் மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியாக இருக்கும்போது, அவர் தவறாகச் சொன்னால் அது உடனே தெரிந்துவிடும்.

உங்களுக்குச் சீனம் தெரியாததைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் கிடைத்திருக்கும் மிகப் பெரிய உதவி அதுதான். சிங்கப்பூர் ஆங்கிலம் புழங்கும் நாடு என்று நம்பிப் பெற்றோர் அனுப்புகிறார்கள். இங்கே முக்கால் பங்கு மக்கள் சீனர்கள். 1979இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியதிலிருந்து உணவங்காடி நிலையத்திலும், கைப்பேசிக் கடையிலும், வாடகை வண்டியிலும் மாண்டரினிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. வகுப்பிலும் பக்கத்து நாற்காலியில் ஊர்க்காரர் இருப்பார். ஆங்கிலம் பேசாமல் வேலை நடக்காத ஒரே இடம் உங்கள் வீடு. அதனால் மொழிபெயர்ப்புச் செயலியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். உங்கள் ஆங்கிலம் கோப்பிக்கடை ஆங்கிலமாக இருப்பதைப் பற்றியும் வருந்த வேண்டாம். இப்போது அவருக்கு வேண்டியது, அவசரப்படாமல் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு மனிதர்.

எல்லாப் பிழையையும் திருத்தாதீர்கள். ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது 'ஹி' என்பார். மாண்டரினில் அவன், அவள், அது மூன்றும் 'தா' என்ற ஒரே ஒலி, எழுத்தில்தான் வேறு; ஆகவே அந்தப் பிழை சீக்கிரம் போகாது, விட்டுவிடுங்கள். ஹுனான் பக்கத்தில் பலருக்கு 'ந'வும் 'ல'வும் கலந்துவிடும். 'நைட்' என்பது 'லைட்' ஆகும். அதையும் புரிந்துகொண்டு கடந்து போங்கள். விடாமல் பிடிக்க வேண்டியது சொல்லின் கடைசி ஒலி. மாண்டரின் அசைகள் உயிரிலோ, 'ன்', 'ங்' போன்ற மூக்கொலியிலோதான் முடியும். அதனால் 'ரைஸ்', 'ரைட்', 'ரைப்' மூன்றும் அவர் வாயில் 'ரை' என்று நின்றுவிடும், கேட்பவருக்கு எது என்று தெரியாது. ஆங்கிலச் சொல்லின் மேல் சீன எழுத்தைப் போட்டுப் படிக்கும் பழக்கம் இதை இன்னும் கெடுக்கிறது. 'தேங்க் யூ' என்பதற்கு 'சான் க யோவ்' என்று எழுதிக்கொள்வார்கள், அந்த எழுத்துகளுக்கு மூன்று கிராம் எண்ணெய் என்று பொருள். அவருடைய புத்தகத்தில் அப்படி இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள்.

கடைசி ஒலி விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு. வேறு மாணவருக்கு நீங்கள் உதவ நேரலாம் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். குவாங்டோங் மாநிலத்திலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ வந்து, வீட்டில் கான்டனீஸ் என்ற சீன மொழி பேசுபவராக இருந்தால், கடைசி ஒலி தெரியாது என்று கருதிவிடாதீர்கள். கான்டனீஸில் ப், ட், க் ஒலிகளில் முடியும் சொற்கள் ஏராளம். ஆனால் உதட்டையோ நாக்கையோ மூடியபடியே நிறுத்திவிடுவார்கள், காற்றை வெளியே விடமாட்டார்கள். அதனால் நம் காதுக்கு அந்த ஒலி இல்லாததுபோலத் தோன்றும். அவரிடம் 'ஒலியைச் சேர்' என்று சொன்னால் 'ரைட்டு' என்று உயிரொலியைச் சேர்த்துவிடுவார். 'காற்றை வெளியே விடு' என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து, காற்றுப் படுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். அதோடு குவாங்டோங்கில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலேயே கணினி வழிக் கேட்டல், பேச்சுத் தேர்வு இருப்பதால், அந்த மாநிலத்துப் பிள்ளைகள் ஓரளவு வாய் திறந்து பழகியவர்கள். ஆனால் அவர்கள் பேசியது கணினியோடு. முகம் பார்த்துப் பேசும்போது அவர்களும் திணறத்தான் செய்வார்கள். உங்கள் மாணவர் ஹுனான்காரர் என்பதால் இதில் எதுவும் அவருக்குப் பொருந்தாது.

மறுதேர்வுக்கு இப்போதே தேதி வாங்க வேண்டாம். கணினி வழி ஐஇஎல்டிஎஸ் எழுதியவர்கள், சில நாடுகளில், 60 நாளுக்குள் ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் வசதி உண்டு. அது அவருக்குக் கிடைக்குமா, கல்வி நிலையம் அதை ஏற்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளட்டும். அந்த மின்னஞ்சலை அவரே எழுதட்டும். ஏற்கமாட்டார்கள் என்றால் மூன்று மாதம் காத்திருக்கலாம். அதற்குள் ஒருநாள் உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ பழுதாகும். பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, என்ன கோளாறு, எத்தனை மணிக்கு வரலாம், எவ்வளவு ஆகும் என்று மாணவரைப் பேச வையுங்கள். மாண்டரின் தெரியாத பழுதுபார்ப்பவராகப் பார்த்து எண்ணைக் கொடுங்கள். குறிப்பெழுதிப் படிக்காமல் அந்த அழைப்பை முடித்துவிட்டார் என்றால், மறுநாளே தேர்வுக்குப் பதிவு செய்யச் சொல்லலாம்.