வெயில் இறங்கும் வீடுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஈரோடு: பத்து வருசத் தார்ஸ் வீடுங்க. மாடி ரூம்ல ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனலைத்தான் தள்ளுது. தெர்மாகோல் வெச்சு ஃபால்ஸ் சீலிங் அடிச்சுடலாம்னு மேஸ்திரி சொல்றாருங்க. செய்யட்டுங்களா?

கொஞ்சம் பொறுங்கள். ராத்திரி அனல், மத்தியானம் தளம் குடித்து வைத்தது. ஐந்து அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் வெயிலை வாங்கி, சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். ஃபால்ஸ் சீலிங் அதை ஓரளவு மறிக்கும். ஆனால் மேலே தளம் காய்வது நிற்காது, விரிந்து சுருங்கி வெடிப்பு விடுவதும் நிற்காது. போதாக்குறைக்கு, சாதா தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். படுக்கையறையில் அதைத் தலைக்கு மேல் வைக்க எனக்கு மனசு வராது.

வெப்பத் தடுப்பு தளத்துக்கு மேலே இருக்க வேண்டும். முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. அதன்மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் அட்டை, அதன்மேல் வாட்டம் பார்த்து இரண்டு அங்குலக் கான்கிரீட், கடைசியாக வெள்ளை கூலிங் டைல்ஸ். எக்ஸ்பிஎஸ் தெர்மாகோலுக்கு அண்ணன் முறை. நெருக்கமாக இருப்பதால் தண்ணீர் குடிக்காது, மேலே ஆள் நடந்தாலும் நசுங்காது. மத்திய அரசின் 2018 வீட்டு எரிசக்தி விதி (ஈகோ நிவாஸ் சம்ஹிதா), கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு, சதுர மீட்டருக்கு, உள்ளே வெளியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. வெறும் தளம் அதைப்போல் சுமார் மூன்று மடங்கு கடத்தும். இந்த அட்டை போட்டால் அந்த வரம்பில் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

ஒரே எச்சரிக்கை. என் வீட்டில் தின்னர் கலந்த ப்ரைமர் (பூச்சுக்கு முன் அடிக்கும் முதல் கோட்) காய்வதற்குள் அட்டையை வைத்துவிட்டோம். மறுநாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், அடிப்பக்கம் நனைந்த வெல்லக்கட்டி மாதிரி குழிகுழியாகக் கரைந்து கிடந்தது. தின்னர் செய்த வேலை. தண்ணீரில் கலக்கும் பூச்சாகக் கேட்டு வாங்குங்கள்.

கோபி: அப்பா காலத்துத் தட்டோட்டைப் பேத்துட்டு கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கலாமுங்களா?

எதற்குப் பெயர்க்க வேண்டும்? சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு இடித்த தளம் இன்றைக்குக் கூலி கொடுத்தாலும் அமையாது. வெடிப்பை மட்டும் அடைத்து, அதன்மேலேயே அந்த வெள்ளைப் பெயிண்டை அடியுங்கள். ஆடிக் காற்றின் புழுதி படிந்தால் வெள்ளைக்கு வேலை இல்லை. வருசா வருசம் மாசியில் ஒருமுறை தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

பல்லடம்: தறிக்கூடம் தகர சீட்டுங்க. பளபளன்னு அலுமினிய பபிள் ஷீட் விக்கறாங்களே, சீட்டோட ஒட்டிடலாமா?

ஒட்டினால் பாதிக் காசு வீண். அந்தப் பளபளப்பு வேலை செய்வதே முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான். தகரத்துக்கும் பபிள் ஷீட்டுக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலம் விட்டு, கம்பி கட்டி இழுத்துப் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டுமே பளபளப்பு என்றால் அது கீழே பார்க்கட்டும், பஞ்சுத் தூசி தங்காது. சாண்ட்விச் பேனலுக்கு (இரண்டு தகரத்துக்கு நடுவே தடுப்பு அடைத்த பலகை) மாறுவதானால் தெர்மாகோல் அடைத்தது வேண்டவே வேண்டாம். பஞ்சு பறக்கிற இடத்துக்கு ராக் வுல் அடைத்ததுதான். கல்லை உருக்கி இழுத்த நார், சுலபத்தில் தீப்பிடிக்காது. விலை கூடத்தான்.

கரூர்: ஆஸ்பெஸ்டாஸ் சீட் வீடுங்க. அடியில துளை போட்டு அட்டை மாட்டலாமா?

துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், உரசித் தேய்க்கவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். மேலே வெள்ளை அடிக்கலாம், ஆள் சீட் மேல் ஏறாமல். அட்டை மாட்டுவதானால் சுவரிலிருந்து தனிச் சட்டம் கொடுத்து மாட்டுங்கள்.

கோவை: புது வீட்டுக்கு ஏஏசி பிளாக்கா, செங்கலா?

மேற்குச் சுவருக்காவது ஏஏசி, அதாவது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கட்டி. செங்கலைவிட நாலைந்து மடங்கு குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். அந்தச் சுவரில் பூச்சு வெடிக்க, சாதாக் கலவையில் கட்டுவதும் ஒரு காரணம். அதற்கென்று விற்கும் பசைக் கலவையில் கட்டச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி: தோப்புல நாருக் கழிவு சும்மா கெடக்குதுங்க. மூட்டை கட்டி மாடியில பரப்பிடலாமுங்களா?

காய்ந்திருக்கும்வரை நன்றாகவே தடுக்கும். ஒரு மழை பெய்தால் தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். தளத்துக்குப் பாரம், கசிவு. நன்றாகக் காய்ந்தால் ஒரு பீடி நெருப்பு போதும், பற்றிக்கொள்ள. தோப்பில் கீற்று இருக்குமே? முடைந்து, தளத்துக்கு மேல் ஆள் குனிந்து போகிற உயரத்தில் பந்தல் போடுங்கள். நிழலும் விழும், நடுவில் காற்றும் ஓடும். சமையல் புகைபோக்கிக்கு எட்டத்தில் இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலேயே கிளம்பிவிடும். நாலு மூலையும் இழுத்துக் கட்டாவிட்டால் பந்தலை அடுத்த தோட்டத்தில்தான் தேட வேண்டும்.