ஜூனில் அளந்து பாருங்கள், கார்த்திகையில் மரம் நடுங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இந்த வருடம் எங்கள் சுற்றாடல் கழகத்துக்கு என்னைச் செயலாளராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூன் 5 ஆம் திகதியும் உலக சுற்றாடல் தினத்துக்குப் பதாகை கட்டி, மூன்று நான்கு பேரைப் பேச வைத்து, மரக்கன்று நட்டு, சிற்றுண்டி கொடுத்து முடிப்போம். நட்ட கன்றுகளில் அநேகமானவை அடுத்த தவணைக்குள் பட்டுப் போய்விடும். இந்த முறை அதிபர் 40,000 ரூபா தருவதாகச் சொல்லியிருக்கிறார். காலநிலை மாற்றம் பற்றியும் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார். இரண்டு மாதம் இருக்கிறது. பிரயோசனமாக என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளை, கன்றுகள் ஏன் பட்டுப் போகின்றன என்பதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேதான் இருக்கிறது.

ஜூன் 5 உலகத்துக்குப் பொதுவான நாள். 1972 இல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்து, 1973 முதல் கொண்டாடப்படுகிறது. கேரளத்திலும் எங்கள் நாட்டின் தென்மேற்கிலும் அது மழைக் காலம், கன்று வைத்தால் பிடித்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் அப்போது சோளகம் அடிக்கும். மண்ணின் ஈரத்தையும் இலையின் ஈரத்தையும் அந்தக் காற்று உறிஞ்சிவிடும். எங்கள் பெருமழை ஐப்பசி நடுப்பகுதியில் தொடங்கி மார்கழி வரைதான். ஜூனில் வைத்த கன்று நாலு மாதத்துக்கு மேல் வாளித் தண்ணீரை மட்டும் நம்பி இருக்க வேண்டும், அதற்குள் கல்லூரி விடுமுறையும் வந்துவிடும். நானும் பல வருடங்களுக்கு முன் ஒரு வளாகத்தில் மாணவர்களோடு சேர்ந்து ஜூனில் கன்று வைத்திருக்கிறேன். ஆவணி முடிவில் போய்ப் பார்த்தபோது ஊன்றிய தடிகள் நின்றன, கன்றுகள் இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஆகவே என் ஆலோசனை, நிகழ்வை இரண்டாகப் பிரியுங்கள். ஜூன் 5 அளந்து சொல்லும் நாளாக இருக்கட்டும். மரநடுகையைக் கார்த்திகைக்குத் தள்ளுங்கள். வடமாகாண சபை இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததும் இந்த மழைக் கணக்கை வைத்துத்தான்.

சரி, எதை அளப்பது? உங்கள் வளாகக் கிணற்றை. காலநிலை என்றதும் பனிக்கரடியின் படத்தைப் போட்டுப் பேசத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. எங்களுக்கு அது வேண்டாம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாம் பெரும்பாலும் நிலத்தடி நீரில்தான். அந்த நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, கீழே உள்ள கடல் நீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, உப்பு நீர் பாரம் கூடியது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விதி. இதையே மறுபக்கமாக யோசித்துப் பாருங்கள். நீண்ட காலம் இறைத்து மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு நீர் 40 அடி வரை மேலேறப் பார்க்கும். எல்லாக் கிணற்றிலும் இது கணக்குப்படியே நடக்காது, கல்லின் அமைப்பைப் பொறுத்து மாறும். ஆனால் நல்ல தண்ணிக் கிணறு சவராகிப் போன கதை இல்லாத ஊர் இங்கே குறைவு.

இன்றிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில், மோட்டார் போடுவதற்கு முன், கயிற்றில் பாரம் கட்டி இறக்கி, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு பேராகப் போங்கள், கிணற்றுக் கட்டின் மேல் ஏறி எட்டிப் பார்க்க வேண்டாம். அதே நேரத்தில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து மின்கடத்துதிறன் பாருங்கள். பேனை அளவில் ஒரு கருவி இருக்கிறது, நுனியைத் தண்ணீரில் வைத்தால் மைக்ரோ சீமென்ஸ் கணக்கில் எண் காட்டும். உப்புக் கூடக் கூட எண்ணும் கூடும். ஜூன் 5 வரும்போது உங்கள் கையில் எட்டு வாரக் கணக்கு இருக்கும்.

நிகழ்வு நாளில் அந்தக் கருவியை மேசையில் வைத்து, மூன்று கிண்ணங்களில் சேமித்த மழைநீர், கல்லூரிக் கிணற்று நீர், யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கரையில் எடுத்த கடல் நீர் வையுங்கள். வருகிறவர்களே தொட்டுப் பார்க்கட்டும். மழைநீர் பத்துக் கணக்கில் காட்டும், திறந்த கடல் நீர் 50,000 அளவில் காட்டும். பக்கத்து ஊர்களிலிருந்து வரும் மாணவர்களிடம் வீட்டுக் கிணற்று நீரையும் ஒரு போத்தலில் கொண்டுவரச் சொல்லுங்கள். தன் வீட்டு எண்ணைக் கண்டவர் அதை மறக்க மாட்டார். ஊர்ப் படம் ஒன்றைத் துணியில் கீறி, எண்களை அந்தந்த இடத்தில் எழுதினால் கரையோரமும் நடுப்பகுதியும் எப்படி வேறுபடுகின்றன என்று சபையே பார்த்துவிடும்.

வில்லையையும் கண்ணால் காட்டலாம். ஒரு கண்ணாடித் தொட்டியில் நன்றாக உப்புக் கரைத்து, நீலச் சாயம் போட்ட நீரைப் பாதிவரை விடுங்கள். அதன் மேல் ஒரு பூவரசம் இலையை மிதக்க விட்டு, இலையின் மேல் நன்னீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். நீலம் கீழே, தெளிவு மேலே என்று இரண்டும் பிரிந்து நிற்கும். பிறகு பப்பாசிக் குழல் ஒன்றின் நுனியை எல்லைக்குச் சற்று மேலே வைத்து இன்னொருவர் உறிஞ்சட்டும். நீலம் கூம்பாக எழும்பிக் குழலுக்குள் போவதைக் காணலாம். கரையோரக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நடப்பதும் இதுதான். முதல் தடவையே சரியாக வராது. அவசரப்பட்டு ஊற்றினால் கலங்கிவிடும், வீட்டில் நாலு முறை பழகிக்கொண்டு வாருங்கள். ஒரு மணி நேரப் பேச்சால் விளங்காதது இதில் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

அப்போது யாராவது கேட்பார்கள்: "இப்பதான் தாழையடியில் கடல் நீரை நன்னீராக்கிறாங்களே, இனிக் கிணற்றைப் பற்றி என்ன கவலை?" நல்ல கேள்வி, பதிலோடு போங்கள். தாழையடி ஆலை 2024 இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடியது. அது குழாயில் வரும் குடிநீர். தோட்டத்துக்கு இறைப்பது இன்னமும் கிணற்றிலிருந்துதான். உப்பைப் பிரிக்க மின்சாரமும் நிறைய வேண்டும். ஆலை வந்தது மெத்தச் சந்தோசம். கிணறு கெட்டால் அதை ஈடுசெய்ய அந்த ஆலையால் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உப்பைப் போலவே நைத்திரேற்றும் பாருங்கள். செறிவாக உரம் போடும் தோட்டங்களிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால், கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கும் வீடுகளில்தான் ஆபத்து அதிகம். குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைக் கொண்டு செல்லும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் சரியாகும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடும். இந்த ஒரு விசயம் ஊருக்குள் போய்ச் சேர்ந்தாலே உங்கள் நிகழ்வு பயன் தந்ததாக நான் எண்ணுவேன். சோதனைத் தாளில் கூடுதலாகக் காட்டினால் உடனே பயமுறுத்த வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, ஆய்வுகூடத்தில் உறுதி செய்த பிறகே வெளியில் பேசுங்கள். வளாகத்தின் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தையும் அளந்து வையுங்கள். 50 அடி தள்ளி இருந்தால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். மண்ணைப் போலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு அழுக்கை வடிகட்டாது, அதனால் அந்தக் கணக்கை நம்பி இருக்க முடியாது.

குப்பை விசயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன் முதல் வாரத்துக்கு முன் ஒரு நாள், அறிவிக்காமல், கன்ரீன் பக்கத்துக் குப்பை முழுவதையும் ஒரு படங்கில் கொட்டிப் பிரித்து நிறுங்கள். கையுறை கட்டாயம். பொலித்தீன், பிளாஸ்ரிக் போத்தல், சோற்று மிச்சம் என்று தனித்தனியே கிலோக் கணக்கு எழுதுங்கள். 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனையும் ரிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள். பிளாஸ்ரிக் கரண்டி, உறிஞ்சுகுழல், தட்டு முதலியவற்றுக்கு 2023 ஒக்டோபரிலிருந்து தடை. இவற்றில் எவ்வளவு இன்னமும் உங்கள் வாளிக்குள் கிடக்கிறது என்று கன்ரீன் நடத்துபவரோடு தனியாக இருந்து கதையுங்கள், மேடையில் வேண்டாம். அவருக்கு மாற்று வழி கிடைத்தால் மாறுவார். வாழையிலையும் பனையோலைத் தட்டுவமும் எங்கள் ஊரில் கிடைக்காத பொருளா?

அதிபர் கேட்ட காலநிலைப் பகுதிக்கு வருவோம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது, உயரும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. தரை தட்டையான குடாநாட்டில் அது நன்னீர் வில்லையைக் கரையிலிருந்து அமுக்கும். மழைப் பக்கம் பார்த்தால், காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைக்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழை கூடுகிறது. 2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2024 கார்த்திகை வெள்ளம் எல்லாம் உங்கள் வீடுகளில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு தனிப் புயலையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டாதீர்கள், அது சரியான விஞ்ஞானம் இல்லை. அம்மம்மா, அப்பப்பாமாரிடம் எந்த வெள்ளம் எங்கள் வாசலில் எந்தப் படிவரை வந்தது என்று கேட்டு எழுதுங்கள். வளாகத்திலும் பழைய ஊழியர்களைக் கேட்டு, வெள்ளம் நின்ற உயரத்தைச் சுவரில் வருடத்தோடு தீந்தையால் கோடு போடுங்கள். அந்தக் கோடு வருடம் முழுக்க எல்லோர் கண்ணிலும் படும்.

இவ்வளவு மழை கொட்டியும் பெரும்பகுதி வாய்க்கால் வழியே கடலுக்குப் போகிறது. உங்கள் வகுப்பறைக் கட்டடம் ஒன்று 30 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம் என்று வையுங்கள். கூரை 300 சதுர மீற்றர். வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று எடுத்து, ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 288,000 லீற்றர் வரும். தண்ணீர் கொண்டுவரும் 6,000 லீற்றர் பௌசர் வண்டியில் 48 பௌசர். தீவகத்தில் கோடையில் பௌசருக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கூரை நீரை மணலும் சல்லியும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விடலாம், முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். முற்றத்து வெள்ளத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் திருப்ப வேண்டாம். மோட்டார் சைக்கிள் எண்ணெயும் ஆட்டுப் புழுக்கையும் நேரே குடிநீருக்குள் போய்விடும்.

கார்த்திகையில் குறைவாக நடுங்கள். நூறு கன்றுக்குப் பதில் பத்து. வேம்பு, நாவல், இலுப்பை, புளி, நீர் தேங்கும் பக்கமானால் மருது. குழி வெட்டும்போது இரண்டு அடியில் கல் தட்டுப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கன்றுக்குப் பக்கத்தில் அடியில் சிறு துளையிட்ட மண்முட்டி ஒன்றைப் புதைத்து நிரப்பினால், அடுத்த கோடையில் தினமும் ஊற்றத் தேவையில்லை. ஆட்டுக்குப் பனைமட்டை அடைப்பு. பனை நட விரும்பினால் ஆவணி, புரட்டாதியில் விழும் பழங்களின் விதையைச் சேர்த்து, மழை தொடங்கும்போது மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். முளை முதலில் ஆழமாகக் கீழே இறங்கும், பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

40,000 ரூபாவில் பதாகைக்கு ஒன்றும் ஒதுக்காதீர்கள். இப்போது கட்டும் பளபளப்புப் பதாகை பீவீசீ என்ற பிளாஸ்ரிக், எரித்தால் நச்சுப் புகை வரும், புதைத்தால் உக்காது. வருடம் எழுதாத ஒரு துணிப் பதாகை தைத்தால் பத்து வருடம் கட்டலாம். மின்கடத்துதிறன் கருவி, நைத்திரேற்றுச் சோதனைத் தாள், தராசு, மழைமானி ஆகிய நான்கையும் முதலில் வாங்குங்கள். மிஞ்சுவது கார்த்திகைக்கு. பேச்சாளர் ஒருவர் போதும். முப்பது வருடம் அதே ஊரில் தோட்டம் செய்த விவசாயி ஒருவரை அழைத்து, கிணறு எப்படி மாறியது என்று கால் மணி நேரம் கேளுங்கள். அவருக்கு மேடையில் முதல் கதிரை கொடுங்கள்.

கடைசியாக அந்த அளவுக் கொப்பி. கழகங்களில் செயலாளர் மாறியதும் கொப்பியும் காணாமல் போவதுதான் வழக்கம். அதனால் அதை நூலகத்தில் பொறுப்பாகக் கொடுத்து வையுங்கள். முதலாம் வருடப் பிள்ளைகள் இருவரை இப்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப் போங்கள், கயிற்றை அவர்களே இறக்கட்டும். விடுமுறையில் அளப்பதற்குக் காவலாளி ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள். அநேகமாகச் சம்மதிப்பார், கிணற்றைத் தினமும் பார்ப்பவர் அவர்தானே.