முதல் மணிக்கு என்ன பொருள்?

அன்புள்ள ஐயா,

எங்கள் தமிழ்த்துறை நடத்தவிருக்கும் மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு நான் ஒருங்கிணைப்பாளர். நானூறு பேர் வருகிறார்கள். தங்குமிடம், கழிவறை, அமர்வு நேரம் என்று நான் ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்பதை மூத்தவர்கள் சில்லறை வேலை என்கிறார்கள். நல்ல தலைப்பும் நல்ல சிறப்பு விருந்தினரும் அமைந்துவிட்டால் மற்றவை தாமாக நடக்கும் என்பது அவர்கள் கருத்து. நான் வீணாக அலட்டிக்கொள்கிறேனா? சிறப்பு விருந்தினராக யாரை அழைக்கலாம்?

கா.

அன்புள்ள கா.,

சிறப்பு விருந்தினரை உங்கள் மூத்தவர்களே முடிவு செய்யட்டும். அதில் எனக்கு அக்கறை இல்லை.

1901 டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டைப் பற்றிக் காந்தி தன்வரலாற்றில் எழுதியிருக்கும் பக்கங்களை மறுபடி படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவர் தங்கிய ரிப்பன் கல்லூரியில் கழிவறைகள் மிகக் குறைவு. நாற்றம் தாங்க முடியவில்லை என்று தொண்டர்களிடம் சொன்னபோது, அது தங்கள் வேலையல்ல என்று கைவிரித்துவிட்டார்கள். அவரே துடைப்பம் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தார். பிறர் பார்வை பட்டாலே தீட்டு என்று கருதிய தமிழ்ப் பிரதிநிதிகளுக்காக வளாகத்தில் தட்டி அடைத்துத் தனிச் சமையலிடம் அமைத்திருந்தார்கள்; சமைப்பதும் உண்பதும் கழுவுவதும் அந்த ஒரே அடைப்புக்குள், மூச்சை அடைக்கும் புகைக்கு நடுவில்.

இவற்றைவிட என்னை உறுத்துவது ஒரு மணியோசை. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நிலை குறித்துத் தீர்மானம் கொண்டுவந்த காந்திக்கு ஐந்து நிமிடம் தரப்பட்டது. அது முடிவதற்குள் தலைவர் தீன்ஷா வாச்சா மணியடித்தார். இன்னும் இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை மணி அது என்று காந்திக்குத் தெரியாது. அரை மணி நேரம் பேசியவர்களுக்கெல்லாம் அடிக்காத மணி தனக்கு அடிக்கிறதே என்று மனம் புண்பட்டு, அந்தக் கணமே உட்கார்ந்துவிட்டார். வாச்சாவுக்குக் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. பழையவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்த ஒன்றைப் புதிதாக வந்தவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இருபது பேர் கூடும் இடத்தில் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நானூறு பேர் கூடும் இடத்தில் புதியவர் யாரைக் கேட்பார்?

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஓர் ஆய்வு மாணவியைப் பார்த்தேன். இரவெல்லாம் பேருந்தில் வந்து, கட்டுரையைப் பதினைந்து நிமிடத்துக்கு அளந்து சுருக்கி, பென்சிலால் ஓரத்தில் நிமிடக் கணக்குக் குறித்து வைத்திருந்தார். தொடக்க விழாவில் பொன்னாடைகள் முடியவே நண்பகலாகிவிட்டது. அவர் மேடையேறியதும் அமர்வுத் தலைவர், “முடிவுரையை மட்டும் வாசியுங்கள்” என்றார். அந்தப் பெண் கடைசித் தாளைத் தேடிப் புரட்டியதை நான் மறக்கவில்லை. அந்த முடிவுரை எதிலிருந்து வந்தது என்று அவையில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

கணக்கு எளியது. ஒன்றரை மணி நேர அமர்வில் ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம், மிச்சம் கேள்விகளுக்கு. தொடக்க விழா ஒரு மணி நேரம் நீண்டால் ஆளுக்கு ஆறு நிமிடம்தான் கிடைக்கும். கேள்விக்கு இடமே இல்லை. கருத்தரங்கின் பொருள் அங்கேயே தீர்ந்துபோகிறது. இதையா சில்லறை வேலை என்கிறார்கள்? அவர்கள் அப்படிச் சொன்னதும் உங்களுக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வந்ததே, அதற்காகத்தான் உங்களைக் கடிந்துகொள்கிறேன். இத்தனை பேரின் சிரமத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதை அலட்டல் என்று நீங்களே அழைக்காதீர்கள்.

அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள்: பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு மணி, பதினைந்தாவது நிமிடத்தில் இரண்டு மணி, முதல் மணிக்கு யாரும் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. அதே தாளை அமர்வுத் தலைவர்களின் கையிலும் கொடுங்கள். பெண்கள் கழிவறையின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதில் சேருங்கள். தொடக்க விழாவில் துணைவேந்தரே பேசினாலும் குறித்த நேரத்தில் மணி அடிக்கட்டும். அதற்குத் துணிவில்லை என்றால் மாணவர்களுக்கும் அடிக்க வேண்டாம்.